நான்கு நாள் பிள்ளை: ஒரு பொங்கல் வீட்டின் நிகழ்வு ஆய்வு

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டின் முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி இரண்டு கரும்பையும் ஒரு மஞ்சள் குலையையும் திண்ணையில் சாய்த்துவைத்தார். பச்சரிசி, வெல்லம், காய்கறி, கிழங்கு வகைகள் அடங்கிய இரண்டு பைகளை இறக்கினார். வெற்றிலை பாக்கோடு ஓர் உறையையும் நீட்டினார். “அம்மா கொடுத்துவிடச் சொன்னார்கள்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அக்கா அப்போது வேலைக்குப் போயிருந்தாள். வாங்கி வைத்தவர் அவளுடைய மாமியார். மாலையில் அக்கா வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “இந்த வருஷம் சம்பந்தியம்மா வரவில்லையா?”

நிகழ்வு இவ்வளவுதான். அடுத்த ஆறு நாளில் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் இதற்கு ஏறிய வட்டி.

நான் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சமூகப் பணியாளன். பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் குடும்பத்தைப் பற்றி நிகழ்வு ஆய்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். நோயாளியின் பெயரை எடுத்துவிட்டு வயது, உறவு, வருமானம், பிரச்சினை, தலையீடு, விளைவு என்று கட்டம் கட்டி நிரப்புவது என் பிழைப்பு. சொந்த வீட்டை அப்படி எழுதுவது இதுவே முதல் முறை. அம்மாவும் அக்காவும் இதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். தம்பிக்குத் தொலைபேசியில் வாசித்தேன். ஊர்ப்பெயரை எடுத்துவிடச் சொன்னவள் அக்கா. “திரட்டுப்பால் அடிபிடித்தது என்று எழுதாதே, அடிபிடிக்கவில்லை” என்றது அம்மா. இரண்டு திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டேன்.

வீட்டில் யார் யார்

அம்மாவுக்கு 72 வயது. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வருகிறது. பணத்துக்காகப் பிள்ளைகள் கையை எதிர்பார்க்கும் நிலை இல்லை என்பதை இங்கேயே பதிந்துவிடுகிறேன். முதியவர்களின் மனத்தாங்கல் எதுவானாலும் கடைசியில் சொத்தில்தான் கொண்டுபோய் முடிப்பார்கள். இந்த வீட்டில் அது இல்லை. அப்பா 2019இல் காலமானார். தாமிரபரணிக் கரையில், முன்பக்கம் தார்சாவும் உள்ளே பட்டாசல் என்கிற கூடமும் உள்ள பழைய வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார்.

அக்காவுக்கு 48. வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டரில் இருக்கிறாள். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறாள். அம்மாவின் கண்புரை அறுவைக்குத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனது, ஓய்வூதிய நேர்காணலுக்குக் கூட்டிப்போவது, எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வது, சர்க்கரை மாத்திரை தீர்ந்ததா என்று பெட்டியைத் திறந்து பார்ப்பது எல்லாம் அவள்தான். நான் 44, நடுப்பிள்ளை. நடுப்பிள்ளைக்கு எந்த வீட்டிலும் பெரிய குற்றச்சாட்டும் இருக்காது, பெரிய விருந்தும் இருக்காது. தம்பிக்கு 39. 2008இல் ஷார்ஜாவுக்குப் போனவன். மனைவியோடும் எட்டு வயது மகளோடும் மூன்று வருஷத்துக்குப் பிறகு இந்தப் பொங்கலுக்குத்தான் வந்தான். (என் மனைவியும் மகனும் தேனியில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தார்கள். அங்கேயும் யாராவது குறிப்பெடுத்துக்கொண்டிருந்தால் எனக்குத் தெரியாது.)

படி

தென்மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு முன்னால் போகும் சீருக்கு எங்கள் பக்கம் பொங்கல்படி என்று பெயர். தலைப்பொங்கலுக்கு வெண்கலப் பானை, கரண்டி, துணிமணி என்று பெரிதாகப் போகும். அதன் பிறகு வருஷா வருஷம் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, கிழங்கு, கையில் கொஞ்சம் பணம். பொருளின் விலை பெரிதில்லை. அக்காவின் ஒரு மாதச் சம்பளத்தில் பத்து படி வாங்கலாம். யார் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் அதன் மதிப்பு. பிறந்த வீட்டு ஆள் வாசல் ஏறி வர வேண்டும். மாமியார் பார்க்க வேண்டும். ஒரு வாய் காப்பி குடித்து, “பிள்ளை மெலிந்துவிட்டாளே” என்று ஒரு பொய்யாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

2001 தலைப்பொங்கலிலிருந்து அம்மாவும் அப்பாவும் பஸ்ஸில் போய்த்தான் படி கொடுத்தார்கள். அப்பா இறந்ததால் 2020இல் எங்கள் வீட்டில் பொங்கலும் இல்லை, படியும் இல்லை. 2021இல் அம்மா முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு தனியாகப் போனார். கரும்பை நடத்துநர் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொடுத்தாராம். அந்த வருஷப் படியை அக்கா இன்னும் சொல்வாள்.

இந்த வருஷம் ஆட்டோவில் போனதற்குக் காரணம் நான். இதை இங்கே சொல்லாவிட்டால் மொத்த ஆய்வும் பொய். 2024 செப்டம்பர் 12ஆம் தேதி, முன்பதிவு திறந்த எட்டு மணிக்கே திரையின் முன்னால் உட்கார்ந்து ஜனவரி 10க்கு டிக்கெட் எடுத்தவன் நான். அப்போது ரயிலுக்கு 120 நாள் முன்னாலேயே பதிவு திறந்துவிடும். பதினோராம் தேதி காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி தம்பி திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் வழியாகக் காரில் வந்துகொண்டிருந்தான். அம்மா அடுப்பில் திரட்டுப்பாலை ஏற்றியிருந்தார். கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடிக்கும். அக்கா வீட்டுக்குப் போய்வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் தம்பி வந்துவிட்டால்? அம்மா வாசலையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆட்டோவில் கொடுத்துவிடு அம்மா, இதற்கு எதற்கு அலைச்சல்?” என்றேன். ஆட்டோவைக் கூப்பிட்டதும் நான்தான். அதிலேயே ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்பது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தோன்றியது.

சிறுகிழங்கு

படி ஆட்டோவில் வந்ததைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதின்மூன்றாம் தேதி இரவு கடையை முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்து, சிறுகிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

நெல்லையில் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் சாப்பாடு இல்லை. மார்கழி, தை மாதங்களில் வரும் கிழங்கு. சுண்டுவிரல் நுனி அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை இருக்கும், மண் ஒட்டியிருக்கும். சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்தால் தோல் பாதி போகும். மீதியை ஒவ்வொன்றாகக் கத்தியால் சுரண்ட வேண்டும். கையில் கறுப்பாகக் கறை ஏறும், நாலைந்து நாளைக்குப் போகாது. இரண்டு கிலோ கிழங்கை உரிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தம்பிக்குச் சிறுகிழங்குப் பொரியல் உயிர் என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. அக்காவுக்கும் அது உயிர் என்பதை யாரும் எப்போதும் சொன்னதில்லை.

பொங்கலன்று அவள் விடியற்காலையில் தன் வீட்டு முற்றத்தில் பொங்கலிட்டுவிட்டுப் பத்து மணிக்கு இங்கே வந்தாள். மதியம் இலை போட்டு எல்லோருக்கும் பரிமாறினாள். தம்பிக்கு இரண்டாவது முறை கிழங்கு வைத்தது அம்மா. மூன்றாவது முறை அவன் வேண்டாம் என்று கையை விரித்து இலையை மறைத்தான். “நான்கு நாள்தானே ஐயா” என்று விரலிடுக்கு வழியாக வைத்தார். சட்டியை வழித்த சத்தம் எனக்குக் கேட்டது. அக்காவும் அம்மாவும் கடைசியில் உட்கார்ந்தபோது இடிசாம்பார் இருந்தது, அவியல் இருந்தது, பச்சடி இருந்தது. கிழங்கு இல்லை.

அம்மாவின் இலையிலும் கிழங்கு இல்லை. அதை அக்கா பார்க்கவில்லை. நானும் அன்று குறிப்பேட்டில் எழுதவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய அக்கா, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் ஷார்ஜாவில் இருந்திருக்க வேண்டும்” என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மாட்டுப்பொங்கலுக்கு வரவில்லை.

விருந்துண்டவனின் வாக்குமூலம்

இங்கே தம்பியைக் குற்றவாளியாக நிறுத்தினால் வேலை சுலபம். ஆனால் பதினான்காம் தேதி இரவு மொட்டைமாடியில் அவன் சொன்னது வேறு. “அண்ணா, அம்மா எனக்குச் சமைக்கவில்லை. 2008இல் இந்த வீட்டை விட்டுப் போனவனுக்குச் சமைக்கிறார். அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவனுக்கு எது போட்டாலும் செரிக்கும்.”

டிசம்பரில் எடுத்த பரிசோதனையில் அவனுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2. நீரிழிவு என்று சொல்ல 6.5 வேண்டும், 5.7இலிருந்து வாசற்படி. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு நம் நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்த வாசற்படியில் நிற்பதாகக் கணக்கிட்டது. ஷார்ஜாவிலிருந்து வந்த இன்னொருவன் தார்சாவில் உட்கார்ந்து, அம்மா பார்க்கும்போது திரட்டுப்பாலைத் தின்றுவிட்டு, அம்மா உள்ளே போனதும் தெருவில் வேகமாக நடந்துகொண்டிருந்தான். அவன் மனைவி அவனைத் திட்டுவது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். “சொன்னால் அடுத்த மூன்று வருஷமும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். ஐந்து நாள் தின்றுவிட்டுப் போகிறேன்” என்றான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொல்வார்களே, அந்தப் பழமொழி இவனைப் பார்க்கவில்லை.

ஆக, அன்பு போய்ச் சேர்ந்த முகவரியில் ஆள் இல்லை. அங்கே இருந்தவன், ஆள் இருப்பதைப் போல நடித்து வாங்கிக்கொண்டிருந்தான்.

அக்காவின் முகவரி

பதினைந்தாம் தேதி அடுக்களையில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வராத வீட்டில் அம்மா யாரோடும் பேசாமல் பாத்திரம் துலக்கினார். குளிர்பெட்டியில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கில் குழம்பு இருந்தது. தொட்டுப் பார்த்தால் உறைப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. கேட்டேன். “அவளுக்கு நெஞ்செரிச்சல் வருகிறதே, தனியாக எடுத்துவைத்தேன்” என்றார். எத்தனை நாளாக அப்படி என்று கேட்டதற்குக் கணக்கு தெரியவில்லை. இரண்டு வருஷம் இருக்கும் என்றார். அக்கா வாரத்தில் மூன்று நாள் அங்கே சாப்பிடுகிறாள். அந்தக் குழம்பு தனக்கென்று தாளித்தது என்பது அவளுக்குத் தெரியாது. “அம்மாவுக்கு வயதாகிவிட்டது, குழம்பில் புளியே விடுவதில்லை” என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

இந்த வழக்கின் மையம் அந்தத் தூக்குச்சட்டி என்பது என் முடிவு. தம்பிக்குக் கிடைப்பது பழைய கணக்குப்படியான அன்பு. ஆனால் ஊருக்கே தெரிகிறது, சட்டி வழிக்கும் சத்தத்தோடு வருகிறது. அக்காவுக்குக் கிடைப்பது நேற்றைய நெஞ்செரிச்சல் வரை தெரிந்த அன்பு. அதற்குச் சத்தம் இல்லாததால் அது சமையலாகவே கடந்துபோகிறது. பண்டிகையில் அம்மா பங்கு பிரிப்பது பாசத்தின் அளவைப் பார்த்து இல்லை, மிச்சமிருக்கும் நாளின் எண்ணிக்கையைப் பார்த்து. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு நாள் நிறைய இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். 72 வயதில் அப்படி நினைப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று எனக்குத் தோன்றியது, அம்மாவிடம் சொல்லவில்லை.

துறைக்காரன் என்பதால் படிப்பையும் கொஞ்சம் இழுக்கிறேன். பெங்ட்சன், கைப்பர்ஸ் என்ற இருவர் 1971இல் ஒரு கருத்தை வைத்தார்கள்: பெற்றோர், பிள்ளை உறவில் பெற்றோர் போட்டிருக்கும் முதல் அதிகம், அதனால் நெருக்கமும் தங்களுக்கு அதிகமாகவே தெரியும், பிள்ளைகள் அதே உறவைக் குறைத்து மதிப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு இது முக்கால்வாசி பொருந்துகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் ஜில் சுய்ட்டரும் கார்ல் பில்லமரும் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு இன்னும் கிட்டத்தில் வருகிறது. வயதான தாய்மாரிடம் யாரோடு மனநெருக்கம், யாரால் பெருமை, முடியாமல் போனால் யார் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலானோர் ஒரு பிள்ளையைக் குறித்துச் சொன்னார்கள். அம்மா யாரைச் சொல்வார் என்று பிள்ளைகளைக் கேட்டபோது பலருடைய ஊகம் தவறிப்போனது.

அந்தக் கேள்விகளை நான் அம்மாவிடம் போட்டுப் பார்த்தேன். யார் மேல் பாசம் அதிகம் என்றதற்கு, “போடா” என்றார். முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவாய் என்றதற்கு யோசிக்கவே இல்லை: “அவளைத்தான்.” மனசு சரியில்லை என்றால்? கொஞ்ச நேரம் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அவளிடம் சொன்னால் அவளுக்கும் சேர்ந்து வருத்தம். சின்னவனிடம் சொன்னால் தூரத்தில் இருந்துகொண்டு தவிப்பான். உன்னிடம் சொன்னால் எழுதிவைப்பாய்.”

தலையீடு, தோல்வி

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். தொழில்முறைக் குரலில், “அம்மா உன்னைத்தான் முழுவதும் நம்புகிறார் அக்கா. இன்றைக்கு என்னிடம் அவர் வாயாலேயே சொன்னார்” என்றேன். பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்; மறைந்திருக்கும் அன்பை எடுத்துக் காட்டு என்று.

அக்கா காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “நம்பிக்கை வேண்டாம். எனக்குக் கிழங்கு வேண்டும்.”

நம்பிக்கை என்பது அவளைப் பொறுத்தவரை வேலையின் இன்னொரு பெயர். பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக எந்த வாடிக்கையாளரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. தூக்குச்சட்டி பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் அதுவும் அம்மா தரப்பு வக்கீலின் ஆவணம் ஆகியிருக்கும். ஆட்டோ என் யோசனை என்பதை மட்டும் சொன்னேன். “தெரியும். அம்மாவுக்கு ஆட்டோக்காரர் நம்பர் தெரியாது” என்றாள்.

பதினாறாம் தேதி பாபநாசத்துக்குக் கட்டுச்சோறோடு போனோம். அக்கா வந்தாள், குழந்தைக்காக வந்ததாகச் சொன்னாள். ஆற்றில் கூட்டம் அதிகம், சோறு நன்றாக இருந்தது. அம்மாவும் அக்காவும் அடுத்தடுத்து உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டு கடை வியாபாரம் பற்றிப் பேசினார்கள். இதில் எழுத ஒன்றும் இல்லை.

முப்பது கிலோ

பதினேழாம் தேதி தம்பி புறப்பட வேண்டும். அவன் டிக்கெட்டுக்கு முப்பது கிலோ. அம்மா கட்டிய பெட்டியைத் தூக்குத் தராசில் மாட்டினால் முப்பத்து நான்கரை காட்டியது. பட்டாசலில் பெட்டியைத் திறந்துபோட்டு எதை எடுப்பது என்று விவாதம். பனங்கிழங்கு ஒரு கட்டு வெளியே வந்தது. கருப்பட்டி ஒரு கிலோ வந்தது. இட்லிப்பொடி இரண்டு பொட்டலத்தில் ஒன்று வந்தது. எடுத்ததையெல்லாம் அம்மா ஒரு பையில் போட்டு, வாசலில் நின்ற அக்காவிடம் நீட்டினார்: “இதை நீ எடுத்துக்கொள்ளம்மா.”

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கிழங்கு இல்லாத இலை, ஆட்டோவில் வந்த படி, இப்போது விமானத்தில் ஏறாத மிச்சம். அக்கா பையைப் பார்த்தாள். பிறகு தம்பி முகத்தைப் பார்த்தாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “விமானக் கம்பெனிக்கு நன்றி” என்று பையை வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. புரியாமல் சிரித்தார். கார் திரும்பும் வரை கையசைத்தார். பிறகு உள்ளே வந்து, கீழே கிடந்த தராசை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, வெகுநேரம் அடுக்களையில் விளக்குப் போடாமல் நின்றார்.

அக்கா அவருக்கு மாத்திரையைக் கொடுத்து, படுக்கவைத்துவிட்டுத்தான் போனாள்.

18ஆம் தேதி

காலையில் நான் எழுந்தபோது அம்மா தார்சாவில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். சந்தையில் பொங்கலுக்குப் பிறகு மிஞ்சிய சிறுகிழங்கு, நல்லதாக இல்லை, பாதி பொடி. அதை முந்தின நாள் சாயங்காலமே யாரையோ விட்டு வாங்கிவைத்திருக்கிறார். ஒன்றரைக் கிலோ. கண்புரை எடுத்த கண்ணுக்கு அருகில் வைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். உதவி செய்ய உட்கார்ந்தேன். “நீ தடிமனாகச் சீவுகிறாய், எழுந்திரு” என்றார்.

பொரியலைத் தூக்கில் அடைத்து, மஞ்சள் பையில் வைத்து, நான் ஆட்டோவுக்குப் போன் செய்ய எடுத்த கையைப் பார்த்து முறைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார். நான் கரும்பு தூக்குபவனைப் போல வெறுங்கையோடு பின்னால் போனேன். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். அம்மா உட்கார்ந்து காப்பி குடித்தார். பேரன் படிப்பை விசாரித்தார். “பிள்ளை மெலிந்துவிட்டாளே” என்றார். தூக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

இரவு எட்டரை மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. அம்மா எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். அவருக்கு அப்படித்தான் பேசத் தெரியும்.

“பஸ்ஸிலா வந்தாய்?”

“ஆமாம்.”

“கண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர் இந்தக் கூட்டத்தில் பஸ் ஏறலாமா? கூட ஒருத்தன் இருந்தானே, அவனுக்கு ஓர் ஆட்டோ பிடிக்கத் தெரியாதா?”